வெண்டல் ஹோக்கின் பச்சைப் புள்ளி

வங்கியில் சென்ட் காசுகளைப் பெட்டியோடு வாங்கி, சுருள் சுருளாகப் பிரித்து அரிய காசு தேடுகிறவர்களுக்கு ஒரு தொல்லை உண்டு. தேடி முடித்த காசை எங்காவது கொண்டுபோய்க் கொட்டித்தான் ஆக வேண்டும். எங்களுடையது சின்ன ஊர். ஒரு வங்கியில் கொட்டியது அடுத்த மாதமே இன்னொரு வங்கி வழியாக நம் கைக்குத் திரும்பி வரும். பார்த்ததையே மறுபடி பார்த்துக் கண்ணைக் கெடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காகச் சிலர் காசின் மேல் மைப்பேனாவால் ஒரு புள்ளி வைப்பார்கள்.

எங்கள் நாணயச் சங்கத்தின் தலைவர் வெண்டல் ஹோக் பச்சை மை வைத்திருக்கிறார். அறுபதுகள், எழுபதுகளின் செம்புக் காசு ஒவ்வொன்றிலும், அதில் பொறித்த லிங்கனின் கோட்டுத் தோளில், கச்சிதமாக ஒரு பச்சைப் புள்ளி. 'பார்த்துவிட்டேன், இதில் ஒன்றுமில்லை, போகலாம்' என்று அதற்கு அர்த்தம். வேறு அர்த்தம் கிடையாது. இதை நான் சொல்லவில்லை. சங்கத்தின் மாத இதழில் 'தேடும் கலை' என்று அவர் எழுதும் பத்தியில் அவரே விளக்கியிருக்கிறார். வேறு ஊர்க்காரர்கள் பச்சைப் புள்ளியைக் கண்டால் நேரத்தை வீணாக்க வேண்டாம் என்று அறிவுரை வேறு.

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு அதே மனிதர் அந்தப் புள்ளிக்குப் புதுசாக ஓர் அர்த்தம் கண்டுபிடித்தார்.

நான் குளிர்பதனக் கிடங்கில் இரவு வேலை பார்க்கிறேன். சனிக்கிழமை காலையில் வேலை முடிந்ததும் நேராக வெர்னா ட்ரோஸ்ட் வீட்டுச் சமையலறைக்குப் போவேன். வெர்னா பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர். அறுபது தாண்டிவிட்டது. இன்னும் பனியில் வண்டியை யாருக்கும் கொடுக்கமாட்டார். இருவரும் சேர்ந்து ஒரு பெட்டி வாங்குவோம், பாதிப் பாதி. அவர் மேசையின் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம், நடுவில் காப்பிக் குடுவை.

வெர்னாவிடம் சென்ட் காசு ஆல்பம் ஒன்று இருக்கிறது. அதில் ஒரு காசுகூட விலைக்கு வாங்கியதில்லை. எல்லாம் சில்லறையாகவோ சுருளிலோ அவர் கைக்கு வந்தவை. கடைக்காரர்களிடம் வாங்கி நிரப்புகிறவர்களைப் பற்றிக் கேட்டால், "அதுக்குப் பேரு ஷாப்பிங்" என்பார். அதோடு பேச்சு முடிந்தது. எழுபத்திரண்டாம் ஆண்டில் அச்சு தவறி, ஆண்டும் எழுத்தும் இரண்டிரண்டாக விழுந்த காசு ஒன்று உண்டு. பூதக்கண்ணாடி இல்லாமலே தெரியும். கடையில் விற்கும் ஆல்பத்தில் அதற்கு இடம் கிடையாது. வெர்னா தானே அட்டையில் அளவாக ஒரு துளை வெட்டி வைத்திருந்தார். ஆல்பத்தில் காலியாக இருந்தது அந்தத் துளை ஒன்றுதான்.

அரசாங்கம் சென்ட் அடிப்பதை நிறுத்திய பிறகு வங்கிகள் பெட்டி தருவதையும் குறைத்துக்கொண்டே வந்தன. கவுண்டரில் இருக்கும் பெண் அந்த வாரம் வெர்னாவிடம், "இதுக்கு மேல கேக்காதீங்க, எனக்கே கிடைக்கல" என்று சொல்லித்தான் கொடுத்தாள். அதாவது அந்தத் துளை நிரம்ப வேண்டுமானால் அந்தப் பெட்டியிலிருந்துதான் நிரம்ப வேண்டும். இல்லாவிட்டால் நிரம்பப்போவதில்லை.

பெட்டியில் முக்கால்வாசி முடிந்திருந்தது. எனக்குத் தூக்கம் தள்ளியது.

"கர்ட், இதக் கொஞ்சம் பாரு. என் கண்ணுக்கு ரெண்டாத் தெரியுதா, காசே ரெண்டா இருக்கா?"

"எந்த வருஷம்?"

"எழுபத்திரண்டு."

வாங்கிப் பார்த்தேன். ஆண்டு தன்னையே இடித்துக்கொண்டு நிற்பதுபோல இரண்டாக நின்றது. 'லிபர்ட்டி' என்ற சொல்லும் அப்படியே. சந்தேகமே இல்லை.

"உங்க கண்ணுக்கு ஒண்ணும் ஆகல, வெர்னா. உக்காருங்க."

"உக்காந்துதானே இருக்கேன், முட்டாப் பயலே."

பிறகு அவர் எழுந்தார். சமையலறையை ஒரு சுற்றுச் சுற்றினார். குழாயைத் திறந்தார், மூடினார். பேருந்தில் பிள்ளைகள் முன்னால் ஒருநாளும் சொல்லாத வார்த்தை ஒன்றைச் சொன்னார். திரும்ப வந்து காசை விளக்கடியில் பிடித்தபோதுதான் அதைக் கவனித்தார். லிங்கனின் தோளில் பச்சைப் புள்ளி. இரண்டாக விழுந்த ஆண்டுக்கும் அந்தப் புள்ளிக்கும் நடுவே ஓர் எறும்பு நிற்கலாம், அவ்வளவுதான் இடைவெளி.

"வெண்டலோடது!" வெர்னாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. இருமல் வரும்வரை சிரித்தார். "பேனாவ இங்க வெச்சிருக்கான். மூக்குக்குக் கீழ இது இருக்கு. புள்ளி வெச்சு அனுப்பிட்டான் பாரு, மகராசன்!"

"சங்கத்துல காட்டப் போறீங்களா?"

"பின்ன? விழுந்து விழுந்து சிரிப்பான். நானா இருந்தா சிரிப்பேன்."

அவர் செய்த ஒரே தப்பு அதுதான். எல்லோரையும் தன்னைப்போலவே நினைத்தது.

எங்கள் சங்கம் மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை, முன்னாள் படைவீரர் மன்றத்தின் பின்கூடத்தில் கூடும். வெள்ளிக்கிழமை பொரித்த மீனின் வாசனை செவ்வாய்வரை அந்தக் கூடத்தை விட்டுப் போகாது. கொண்டுவந்ததைக் காட்டும் நேரத்தில் வெர்னா காசை உறையில் போட்டு அனுப்பினார். அது ஒவ்வொரு கையாகப் போனது. சங்கத்தின் செயலாளரும் இரும்புச் சாமான் கடைக்காரருமான லைல் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"ஆண்டவரே. அதேதான். வெர்னா, கடைசியில புடிச்சிட்டீங்க!"

கை தட்டினார்கள். வெர்னாவின் கழுத்து சிவந்துபோனது. அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் பார்த்ததில்லை. அப்போது பின்வரிசையில் யாரோ, "தோள்ல என்ன பச்சையா?" என்றார்கள். இன்னொருவர், "தலைவரே, உங்க கையெழுத்துப் போட்டு அனுப்பிருக்கீங்க!" என்றார். கூடமே சிரித்தது.

வெண்டல் சிரிக்கவில்லை. எழுந்துபோய் உறையை வாங்கினார். பார்த்தார். பூதக்கண்ணாடியைக்கூட எடுக்கவில்லை.

"இது என்னோடது" என்றார்.

வெர்னா இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார். "விளையாடாத வெண்டல்."

"விளையாடல. என் குறி இருக்கு. எங்கிட்டேருந்து தப்பிப் போயிருக்கு. வேற பையில போட வேண்டியது."

"வேற பையா?" என்றேன் நான். "ஒண்ணுமில்லன்னா புள்ளி வைப்பேன்னு நீங்கதானே எழுதினீங்க? நல்ல காசுக்கும் புள்ளி வைப்பீங்களா?"

"உங்கிட்ட யாரு கேட்டா?"

"கேக்காமத்தான் சொல்றேன்."

லைல் கையை உயர்த்தி, அடுத்த மாதம் பேசிக்கொள்ளலாம், இப்போது வழக்கமான காசு ஏலம் ஆரம்பிக்கட்டும் என்றார். வெண்டல் உறையை நீட்டினார். அதைக் கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை என்று அந்தக் கை சொன்னது. வெர்னா வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். சிரிப்பு போய்விட்டிருந்தது.

வெண்டலுக்கு அந்தக் காசு வேண்டும் என்று நான் முதலில் நினைத்தேன். இல்லை. வெண்டல் காப்பீட்டு முகவராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்த மாதிரிக் காசு பத்து வாங்குவார். தேடும் கலை என்று வருடக்கணக்கில் ஊருக்குப் பாடம் எடுத்த மனிதரின் பேனாமுனைக்கடியில் அது நழுவிப் போயிருக்கிறது, அதற்கு அவரே பச்சை மையில் சாட்சிக் கையெழுத்தும் போட்டிருக்கிறார். அது இல்லாமல் போக வேண்டும். அவ்வளவுதான் அவருக்கு வேண்டியது.

அது அடுத்த சனிக்கிழமை வெட்டவெளிச்சமாகிவிட்டது. நான் வெர்னா வீட்டில் இருந்தபோது வெண்டல் வந்தார். தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, முற்றத்துப் பனியைக் காலணியிலிருந்து தட்டிவிட்டு, மிகவும் மரியாதையாக உள்ளே வந்தார். வெர்னா காப்பி ஊற்றினார். ஊற்றியிருக்க வேண்டாம்.

வெண்டல் கோட்டுப் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பேழையை எடுத்து மேசையில் வைத்தார். உள்ளே அதே எழுபத்திரண்டு, அதே இரட்டை எழுத்து. ஆனால் நேற்றுத்தான் அச்சிலிருந்து விழுந்ததுபோலச் செக்கச் செவேலென்று, தரச் சான்றிதழோடு.

"உன்னுதவிட நூறு மடங்கு நல்லது. நீயே வெச்சுக்க. பதிலுக்கு அந்த அழுக்குக் காசக் குடுத்துடு."

வெர்னா பேழையை ஒரு விரலால் திருப்பிப் பார்த்தார். "ரொம்ப அழகா இருக்கு."

"டோலிடோ நகரம் வரைக்கும் போய் வாங்கிட்டு வந்தேன்."

"வாங்கினேன்னு சொல்றியே, அதான் பிரச்சன. இது எனக்கு ஆகாது, வெண்டல். என் ஆல்பம் எப்படின்னு உனக்குத் தெரியாதா?"

"யாருக்குத் தெரியப்போவுது?"

இதைத்தான் கேட்டார். இருபது ஆண்டுகளாக அந்தப் பெண்மணி நேர்மையாக ஒரு காரியம் செய்துவருகிறார். அவர் வீட்டு மேசையிலேயே உட்கார்ந்து, அவர் ஊற்றிய காப்பியை முன்னால் வைத்துக்கொண்டு, யாருக்குத் தெரியப்போகிறது என்று கேட்டார். எனக்கு மண்டைக்குள் சூடேறியது.

"இவங்களுக்குத் தெரியும்ல" என்றேன்.

"நீ இதுல வராத."

"எனக்குத் தெரியும்ல" என்றார் வெர்னா. அவர் குரல் உயரவில்லை. பேழையை வெண்டல் பக்கம் தள்ளினார். "காப்பி ஆறிடும், குடி."

வெண்டல் குடிக்கவில்லை. பேழையை எடுத்துக்கொண்டு போனார். அந்த வாரம் முழுவதும் அவர் தொலைபேசியில் இருந்திருக்க வேண்டும். ஏனென்றால் மார்ச் கூட்டத்துக்கு வந்தவர்கள் யாரும் வெர்னாவின் முகத்தை நேராகப் பார்க்கவில்லை.

ஏப்ரலில் எங்கள் சங்கத்தின் ஆண்டுக் கண்காட்சி. அதில் 'கைக்கு வந்தவை' என்று ஒரு பிரிவு உண்டு. வாங்காமல், புழக்கத்திலிருந்து மட்டுமே சேர்த்த தொகுப்புகளுக்கு. பரிசு ஒரு நீல ரிப்பன். அதைச் சட்டையில் குத்திக்கொண்டு தெருவில் போனால் பைத்தியம் என்பார்கள். ஆனால் ஒரு துளைகூடக் காலியாக இல்லாத ஆல்பம் வந்தால்தான் அந்த ரிப்பனைத் தருவது என்பது விதி. அதனால் நெடுங்காலமாக யாருக்கும் கொடுத்ததில்லை. இந்த ஆண்டு வெர்னாவுக்குத்தான் அது. இல்லாவிட்டால் யாருக்கும் கிடையாது. மார்ச் கூட்டத்தில் பேச வேண்டிய விஷயம் இதுதான்: அந்தக் காசு 'கைக்கு வந்தது' ஆகுமா, ஆகாதா.

கூட்டத்தில் வெண்டல் எழுந்து நின்று தொண்டையைச் செருமினார். போன மாதம் தப்பிப் போனது என்று சொன்ன அதே வாய் இந்த மாதம் வேறு சொன்னது.

"நான் வெளிப்படையாச் சொல்லிடறேன். அந்தக் காச எனக்கு நல்லாத் தெரியும். தெரிஞ்சுதான் விட்டேன். நாணய வாரத்துக்கு நம்ம எல்லாரும் நல்ல காசு சிலத ஊருக்குள்ள செலவு பண்ணி விடுவோம்ல, யாராவது சின்னப் பசங்க கண்டெடுத்து இதுல ஆர்வம் வரட்டும்னு? அதுக்காக விட்டது. சங்க உறுப்பினர் எடுக்கறதுக்காக இல்ல."

பொய். பச்சைப் பொய். நாணய வாரத்துக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. விடுகிற காசுக்கு யாரும் புள்ளி வைப்பதில்லை, வைத்தால் நல்ல காசு கெட்டுப்போகும் என்று அந்தக் கூடத்தில் இருந்த ஒவ்வொருவருக்கும் தெரியும். ஒவ்வொருவராகப் பார்த்தேன். ஒருவர் சர்க்கரையைக் கலக்கிக்கொண்டிருந்தார். ஒருவர் தரையைப் பார்த்தார்.

"போன மாசம் தப்பிப் போச்சுன்னு சொன்னீங்களே?" என்றேன். "எது பொய்? அதுவா, இதுவா?"

"மரியாதையாப் பேசு."

"மரியாதையாத்தான் கேக்கறேன். எது பொய்?"

"காலேஜப் பாதில விட்டுட்டு வந்து ராத்திரியில பெட்டி தூக்கறவன், இங்க வந்து எனக்குச் சட்டம் பேசறான் பாருங்க" என்றார் வெண்டல் மற்றவர்களிடம். இரண்டு மூன்று பேர் லேசாகச் சிரித்தார்கள். நான் பாதியில் விட்டது உண்மைதான். அதைச் சொல்லிக் காட்டினால் அவர் காசைத் தவறவிட்டது இல்லையென்று ஆகிவிடாது.

அப்போது வெர்னா எழுந்தார்.

"அப்போ உனக்கு நன்றி, வெண்டல்" என்றார். "யாராவது கண்டுபிடிக்கட்டும்னுதானே விட்ட? நான் கண்டுபிடிச்சேன். பேங்க்ல பெட்டி வாங்கினேன், அதுல வந்துச்சு. நீ எங்க விட்டன்னு தேடிப் போகல. நீ நெனச்சது நடந்துடுச்சு. இப்ப என்ன குறை?"

பின்வரிசையில் யாரோ மூக்கால் சிரித்தார்கள். வெண்டல் தான் சொன்ன பொய்க்குள்ளேயே சிக்கிக்கொண்டு நின்றார். அந்த ஒரு நிமிடம் எல்லாம் முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். நியாயம் தெரிந்துவிட்டால் போதும் என்று நினைத்தது என் மடத்தனம்.

லைல் எழுந்தார். நல்ல மனிதர்தான். யாரும் யாரோடும் சண்டை போடக் கூடாது என்பதைத் தவிர வேறு கொள்கை கிடையாது அவருக்கு.

"எல்லாருக்கும் சரியா வர்ற மாதிரி ஒண்ணு சொல்றேன்" என்றார். "காசு வெர்னாவோடதே இருக்கட்டும். போட்டியிலயும் சேத்துக்கலாம். அந்தப் புள்ளிய மட்டும் அசிட்டோன் வெச்சுத் துடைச்சுடுங்க. பஞ்சுல ஒரு தொடு தொட்டா போயிடும். காசுக்கு ஒண்ணும் ஆகாது. அவ்ளோதான். பிரச்சனை தீந்துச்சு."

வெண்டலின் தோள்கள் இறங்கின. "எனக்குச் சம்மதம்" என்றார் உடனே. எவ்வளவு உடனே!

எனக்கு அப்போதுதான் உண்மையான கோபம் வந்தது. காசைப் பிடுங்கப் பார்த்தபோதுகூட இவ்வளவு வரவில்லை. காசு உங்களுடையது, பெருமையும் உங்களுடையது, ரிப்பனும் உங்களுடையது. நடந்ததை மட்டும் அழித்துக் கொடுத்துவிடுங்கள் என்கிறார்கள். அதை அழிக்க வேண்டியவரும் தவறு செய்தவர் இல்லை, வெர்னா.

"இந்தாங்க, தவறவிட்டது அவர். துடைக்கறது இவங்களா?" என்றேன்.

"கர்ட், உக்காரு" என்றார் வெர்னா. பிறகு லைலைப் பார்த்து, "எங்கையில வந்தப்ப எப்படி இருந்துச்சோ அப்படித்தான் வெப்பேன். எல்லாக் காசையும் அப்படித்தான் வெச்சிருக்கேன். ஒண்ணக்கூடக் கழுவினதில்ல, தேய்ச்சதில்ல. புள்ளியோட வந்துச்சு, புள்ளியோட இருக்கும்" என்றார்.

"ஒரு சொட்டு அசிட்டோன்தானே, வெர்னா" என்று லைல் கெஞ்சினார். "ரிப்பன் உங்களுக்குத்தான். யாரு வேணாம்னு சொல்லப்போறா?"

"வெறும் ஒரு சொட்டுன்னா வெண்டல் ஏன் அதுக்கு இவ்ளோ அலையறான்?"

கை தூக்கச் சொன்னார்கள். புள்ளியோடு இருந்தால் சேர்க்க முடியாது என்பவர்கள் கை தூக்கவும். வெண்டலின் வேன் வண்டியில் டோலிடோவின் பெரிய நாணயக் கண்காட்சிக்குப் போகிறவர்கள் எல்லோரும் தூக்கினார்கள். அந்த வண்டியில் போகாதவர்களில் சிலரும் தூக்கினார்கள். ரொம்ப நாளாக அவர்தான் தலைவர், இதழ் போடுவது அவர், மேசை நாற்காலி எடுத்துப்போடுவது அவர். லைல் கடைசியாக, அரைக் கையாகத் தூக்கினார். எதிர்த்துத் தூக்கியவர்கள் நாங்கள் சிலர்தான்.

வெர்னா ஆல்பத்தைத் துணிப்பைக்குள் வைத்தார். அந்த மாதம் தின்பண்டம் கொண்டுவரும் முறை அவருடையது. எலுமிச்சைக் கேக் ஒரு தட்டு நிறையச் செய்து கொண்டுவந்திருந்தார். காப்பிக் குடத்துக்குப் பக்கத்தில் இன்னும் வெட்டாமல் இருந்தது. அவர் போய் அதன் மேல் அலுமினியத் தாளைத் திரும்பச் சுற்றி, தட்டோடு தூக்கிக்கொண்டார்.

"அத ஏன் எடுக்கறீங்க?" என்று ஒருவர் பரிதாபமாகக் கேட்டார்.

"இதுல புள்ளி இருக்கான்னு பாக்கணும்" என்றார் வெர்னா. கதவை நான் பிடித்துக்கொண்டேன்.

காரில் ஏறியதும் நான் கத்தினேன். வெண்டலைச் சொன்னேன், லைலைச் சொன்னேன், கை தூக்கிய ஒவ்வொருவனையும் பெயர் சொல்லித் திட்டினேன். மாநிலச் சங்கத்துக்கு எழுதுவோம், செய்தித்தாளுக்குப் போவோம், அந்த ஆல்பத்தை நூலகத்தில் கொண்டுபோய்க் கண்ணாடிக்குள் வைப்போம் என்றேன். வெர்னா கேக்கின் ஓரத்தைக் கையால் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தார்.

"கத்தி முடிச்சுட்டியா?"

"இல்ல."

"அப்போ ஓட்டிக்கிட்டே கத்து. எனக்குக் காலைல வண்டி இருக்கு."

"உங்களுக்குக் கோவமே வரலியா?"

நெடுஞ்சாலைத் திருப்பம் வரை அவர் கேக்கைப் பிய்த்துக்கொண்டே வந்தார்.

"வருது" என்றார் பிறகு. "காச எடுத்துக்கிறேன்னு சொன்னப்ப வரல. அவன் முட்டாள், விடுன்னு நெனச்சேன். துடைச்சுடுன்னு சொன்னான் பாரு, லைல். கடையில நான் நட்டு வாங்கப் போனா எனக்குன்னு எடுத்து வெக்கற மனுஷன். அவனுக்கு எல்லாம் தெரியும். தெரிஞ்சும் நான் துடைக்கணும்னு சொன்னான். அதுதான் வருது." ஜன்னலை இறக்கி, கையிலிருந்த கேக் துணுக்குகளை வெளியே உதறினார். "இனிமே அந்தக் கடைக்குப் போகமாட்டேன். முப்பது மைல் போய் வாங்குவேன் நட்ட."

வெர்னா சொன்னதைச் செய்தார். சங்கத்திலிருந்து நான் விலகினேன். அவர் அதற்கும் முன்பே சந்தாவைப் புதுப்பிக்காமல் விட்டிருந்தார். என்னிடம் சொல்லவில்லை, நான் கேட்கவும் இல்லை. துளையில் அந்தக் காசு இருக்கிறது, பச்சையோடு. ஆல்பம் நிரம்பிவிட்டது. அதன் பிறகு அதைப் பார்த்தவர்கள் நாங்கள் இருவர்தான்.

ஏப்ரல் இதழ் பழைய உறுப்பினர் என்ற கணக்கில் எனக்கு வந்து சேர்ந்தது. 'தேடும் கலை' பத்தியில் அந்த மாதத் தலைப்பு: கண்டெடுத்த காசிலிருந்து மைக்கறையைப் பாதுகாப்பாக நீக்குவது எப்படி.

கண்காட்சிக்கு நான் போனேன். போகக் கூடாது என்று இருந்தேன், ஆனாலும் போனேன். 'கைக்கு வந்தவை' என்ற பலகை வைத்த மேசை காலியாக இருந்தது. வெள்ளை விரிப்பின் மேல் நீல ரிப்பன் மட்டும் கிடந்தது. மாலையில் மேசைகளை மடிக்கும்போது வெண்டல் அந்த ரிப்பனை எடுத்து, சுருக்கம் விழாமல் தடவி மடித்து, பெட்டிக்குள் வைத்தார். அதில் ஆண்டு எதுவும் அச்சிடவில்லை, அடுத்த முறைக்கும் ஆகும் என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்.